காலை விடுங்கள், கல்லைப் பாருங்கள்



மனமகிழ் மன்றத்து உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கான சுற்றறிக்கை உங்கள் கைக்கு வந்திருக்கும். ஆறாவது பொருள்: ஸ்னூக்கர் மேசைக்குப் புதுத் துணி மாற்ற நிதி ஒதுக்குதல். ஏழாவது பொருள்: பழுதடைந்த ஸ்னூக்கர் மேசையை ஏலம் விட்டுவிட்டுப் புதியது வாங்குதல். இரண்டும் ஒரே மேசைதான். ஆறு நிறைவேறினால் ஏழு எதற்கு, ஏழு நிறைவேறினால் ஆறு எதற்கு என்று செயற்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் இன்னொரு கேள்வியும் கூடவே வந்திருக்கும். மேசைக்கு அப்படி என்னதான் ஆகிவிட்டது?

"பந்து இழுக்குதுங்க" என்பார்கள். இழுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேசை பழுதடையவில்லை, மட்டம்தான் போயிருக்கிறது. மட்டம் போன மேசைக்குப் புதுத் துணி போட்டால் புதுத் துணியில் பந்து இழுக்கும். புது மேசையே வாங்கி அதே தரையில் அதே இடத்தில் இறக்கினால், கொஞ்ச நாளில் அதுவும் இழுக்கத்தான் போகிறது. இதைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் உட்காரச் சொல்லிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கோவைப் பக்கத்துப் பஞ்சாலைகளில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் எந்திரத்தை இறக்கி, மட்டம் பார்த்து, ஓட்டிவிடுவதுதான் பிழைப்பு. ஸ்னூக்கர் ஆட்டத்தில் நான் சுமார் என்பது உங்களுக்கே தெரியும். மட்டத்தில் சுமார் இல்லை.

பச்சைத் துணிக்கு அடியில் மரப்பலகை இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் இன்னும் உண்டு. இருப்பது சிலேட்டுக் கல். சின்ன வயதில் நாம் எழுதிப் பழகியதும் அதே கல்தான். பன்னிரண்டு அடிக்கு ஆறடி மேசை என்பதால் ஐந்து கற்கள், ஒவ்வொன்றும் சுமார் 45 மி.மீ. தடிமன். லண்டனில் மேசை செய்த ஜான் தர்ஸ்டன் 1826 வாக்கில் சிலேட்டுக்கு மாறும்வரை ஆடுதளம் மரத்தில்தான் இருந்தது. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வளையும். கல் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது, பதிலுக்கு எடை வந்து சேர்ந்தது. கல், சட்டம், குஷன் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும். அந்த எடையை எட்டுக் கால்கள் தாங்குகின்றன. கற்கள் ஒன்றோடொன்று சின்ன உலோக முளைகளால் கோக்கப்பட்டு, கீழே குறுக்குச் சட்டங்களின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து கல் என்றால் நான்கு சந்து.

ஆக, பந்து இழுப்பதற்குத் தரை காரணமாக இருக்கலாம். கால், சட்டம், ஏதோ ஒரு கல், ஒரு சந்து, துணி, பந்து, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். நாம் இத்தனை வருடமாக வைத்தியம் பார்த்தது காலுக்கு மட்டும்தான். டீக்கடை பெஞ்சு ஆடினால் ஒரு சில்லைக் கொண்டுவந்து செருகுவோமே, அந்த வைத்தியம்.

போன மாதம் ஆட்டமில்லாத ஒரு மதியம், மேசையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணனும் நானும் டார்ச் அடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்தோம். சீட்டாட்ட அறைப் பக்கத்து மூலைக் காலுக்குக் கீழே ஒரு அடுக்கு. மேலே மடித்த சிகரெட் அட்டை. அதற்குக் கீழே சைக்கிள் டியூப் துண்டு. அதற்கும் கீழே ரம்மிச் சீட்டு ஒரு கொத்து. ஒரு ஜோக்கர் பாதி வெளியே எட்டிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மக்கிப்போன ஒரு லாட்டரிச் சீட்டு. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003இல். இந்த வைத்தியம் எத்தனை செயலாளர்களைப் பார்த்திருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே வரிசையில் அடுத்த காலுக்கு அடியில் ஒரு தாளை விட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கம் நுழைத்த தாள் அந்தப் பக்கம் தடையில்லாமல் வந்தது. கால் தரையைத் தொடவே இல்லை. அவ்வளவு எடை உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒரு கால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு மூலையைத் தூக்கினால் நடப்பது இதுதான். பக்கத்துக் காலிலிருந்து பாரம் விலகுகிறது, சட்டம் முறுக்கிக்கொள்கிறது, சட்டத்தின்மேல் உட்கார்ந்த கல் அந்த முறுக்கோடு போகிறது, சந்தில் ஒரு கல் ஏறி இன்னொன்று இறங்குகிறது. அப்புறம் பந்து அந்தச் சந்தைக் கடக்கும்போது லேசாக ஒரு துள்ளு துள்ளுகிறது. இப்போது பந்து இரண்டு விதமாகத் தப்புகிறது. "இன்னும் ஒரு சீட்டு வைங்க" என்கிறோம். ரப்பரும் அட்டையும் பாரத்துக்கு அமுங்கும், ஈரத்துக்கு உப்பும். இன்றைக்கு வைத்த உயரம் ஆடி மாதம் இருக்காது.

காலில் கைவைப்பதற்கு முன்னால் மேசையே என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாம். பந்தை க்யூவால் அடித்துச் சோதிக்காதீர்கள். வேகமாகப் போகிற பந்து சரிவைக் காட்டாது. ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் மடித்துச் சின்னச் சறுக்காக வைத்து, அதிலிருந்து பந்தை நழுவவிடுங்கள். கையால் உருட்டினால் நம்மையறியாமல் பக்கச் சுழற்சி ஏறிவிடும். நீளவாட்டில் உருட்டி, நிற்கப்போகிற கடைசி இரண்டடியைக் கவனியுங்கள். மெதுவாகிவிட்ட பந்துதான் மேசையின் குணத்தைக் காட்டும். பிறகு அதே கோட்டில் மறுமுனையிலிருந்து உருட்டுங்கள். இரண்டு தடவையும் பந்து அறையின் ஒரே சுவரை நோக்கி ஒதுங்கினால் அது சரிவு. இரண்டு தடவையும் உருட்டுகிறவரின் இடது கைப்பக்கமாகவே போனால், மேசை மீது பழியில்லை. பந்தின் எடை ஒருபக்கமாகிவிட்டது, அல்லது உருட்டிய கை சரியில்லை. பந்தை மாற்றிப் பாருங்கள். நம் சிவப்புப் பந்துகளில் சில எந்த ஆட்சியில் வாங்கியவை என்று மார்க்கர் அண்ணனுக்கே நினைவில்லை.

துணி விஷயத்தில் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்னூக்கர் துணி கம்பளி. அதன் ரோமம் ஆட்டம் தொடங்கும் பால்க் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்துப் பக்கமாகப் படிந்திருக்கும். பிரஷ் போடுவதும் இஸ்திரி போடுவதும் அந்தத் திசையில்தான். அதனால் மேசையின் குறுக்கே மெதுவாக உருளும் பந்து, மேசை எவ்வளவு மட்டமாக இருந்தாலும், கறுப்புப் பந்து முனையை நோக்கிக் கொஞ்சம் ஒதுங்கும். அது கோளாறில்லை, துணியின் இயல்பு. நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக விட்டுப் பார்த்துவிட்டு "அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் ரோமத்தைச் சரிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சரிவைப் பார்க்க நீளவாட்டு ஓட்டமே நம்பகம். அதில் ரோமம் பந்தைப் பக்கவாட்டில் தள்ளாது. (பூல் மேசைத் துணியில் இப்படிப் படிந்த ரோமம் கிடையாது. மாடியில் உள்ள சின்ன மேசையில் பந்து எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் கல்லையும் காலையும் சந்தேகிக்கலாம்.)

நம் மேசை நீளவாட்டில், இரண்டு திசையிலும், சீட்டாட்ட அறைப் பக்கமாகத்தான் போகிறது. சரிவு உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மேசை குறுக்குவாட்டில் மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் மூன்று மீட்டர் உருண்டு தானாக நிற்கும் மெதுவான பந்து, நேர்கோட்டை விட்டு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் விலகி நிற்கும். துணியின் வேகத்தைப் பொறுத்து முன்பின் இருக்கலாம். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. ஆக, இரண்டு பந்து அகலம் தப்புகிறது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் பொதுவாக மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்குக் கீழே நம்பிக்கையாகக் காட்டாது. குமிழி அழகாக நடுவில் நிற்கும், பந்து ஒரு பந்து அகலம் விலகிப் போகும். "லெவல் வச்சுப் பார்த்தாச்சுங்க, பக்காவா இருக்கு" என்று போன வருடம் பொருளாளர் சொன்னது பொய்யில்லை. அவர் வைத்த கருவிக்கு அவ்வளவுதான் கண். செல்போனில் வரும் மட்டம் பார்க்கும் ஆப்பைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. மில்லில் நாங்கள் வைத்திருந்த லெவல் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும், பக்கத்தில் நின்று மூச்சுவிட்டால்கூடக் குமிழி நகரும். இந்த வேலைக்கு அந்த வகைதான் வேண்டும்.

எவ்வளவு துல்லியம் தேவை என்று இளைஞர்கள் கேட்பார்கள். பூல் மேசைக்கான விவரக்குறிப்பில் கல் தளம் நீளவாட்டில் 0.020 அங்குலத்துக்குள்ளும் அகலவாட்டில் 0.010 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும், சந்துகள் 0.005 அங்குலத்துக்குள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. கடைசியாகச் சொன்னது 0.13 மி.மீ. ஒரு ரம்மிச் சீட்டின் தடிமனில் பாதிகூட இல்லை. காலடியில் சீட்டைச் செருகி மட்டம் பார்ப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

மேசை இத்தனை காலம் ஒழுங்காகத்தானே இருந்தது, திடீரென்று எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் சொல்வேன், இரண்டும் நாம் செய்தவை. காவித் தரை இருந்தவரை கால்கள் கெட்டித் தளத்தில் நின்றன. அதன்மேல் பளபளப்பாக டைல்ஸ் ஒட்டினோம். மேசைக் காலுக்குப் பக்கத்தில் உள்ள டைலைச் சாவியால் தட்டிப் பாருங்கள். ஜன்னல் பக்கம் கெட்டியாகக் கேட்கும், சீட்டாட்ட அறைப் பக்கம் 'டொக்'கென்று வெற்றுச் சத்தம் வரும். அடியில் கலவை நிறையவில்லை. ஒரு கால் தாங்கும் எடைக்கு அது நாளாக ஆக இறங்கிக்கொண்டேதான் போகும். இரண்டாவது, ஆண்டு விழா. பந்திக்கு இடம் வேண்டும் என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து மேசையைச் சுவரோரம் இழுத்தார்களே, அன்றைக்கே சந்துகளில் பூசியிருந்த பூச்சு விரிசல் விட்டது. அந்த எடையை இழுத்தால் காலும் சட்டமும் சேரும் இடம் தளரும். கழற்றாமல் இந்த மேசையை நகர்த்தவே கூடாது. அது போதாதென்று மேலே ஒட்டுப்பலகை போட்டுப் பாயசப் பாத்திரமும் வைத்தோம்.

அதே விழா மேடையில்தான் வருடா வருடம் "நம் ஊட்டியில் பிறந்த ஆட்டம்" என்று கைதட்டல் வாங்குகிறோம். ஆட்டம் உருவானது 1875இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி இருந்த ராணுவ மெஸ்ஸில் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. விதிகளை எழுதி மாட்டியது 1882இல் ஊட்டி கிளப்பில். பெருமைப்படத் தடையில்லை, ஆனால் பெருமையால் பந்து நேராக ஓடாது.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். மேசை இப்படியே இருப்பதில் நம்மில் சிலருக்கு வருத்தமில்லை. எந்தப் பாக்கெட்டுக்கு எவ்வளவு தள்ளி விட்டால் தானாகச் சரிந்து விழும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். வெளியூர் விருந்தினர் வந்து தடுமாறும்போது ஓரமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் சாயங்காலம் க்யூவோடு வரும் பிள்ளைகள் இந்தச் சரிவில்தான் கை பழகுகிறார்கள். மாவட்டப் போட்டிக்குப் போனால் அங்கே மேசை மட்டமாக இருக்கிறது, இவர்கள் விட்ட பந்து பாக்கெட் விளிம்பில் மோதி நிற்கிறது. முதல் சுற்றில் தோற்றுத் திரும்பும் பையனிடம் "இன்னும் பிராக்டிஸ் பண்ணு கண்ணு" என்கிறோம். எதில் பிராக்டிஸ் பண்ணுவான்?

இனி வேலை. துணி எப்படியும் மாற்றும் பருவத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஆறாவது பொருளுக்கு நான் விரோதியில்லை; துணி கடைசியில் வர வேண்டும் என்கிறேன், அவ்வளவே. முதலில் குஷன்களைக் கழற்றி, துணியை உரித்து, கல்லை வெளியே கொண்டுவர வேண்டும். ஐந்து கல்லிலும் நடுவிலும் மூலைகளிலும், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் லெவலை வைத்து, வருகிற அளவைக் கல்லின்மேலேயே சாக்பீஸால் எழுத வேண்டும். காகிதத்தில் எழுதினால் எந்த அளவு எந்த மூலை என்று பிறகு சண்டை வரும். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். எல்லா எண்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் கால், தரை. ஒரு கல் மட்டும் தனியாகப் பேசினால் அந்தக் கல்லின் அடியில். மூலைக்கு மூலை எதிரும் புதிருமாக இருந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது.

காலில் வேலை என்றால், வெற்றுச் சத்தம் வரும் டைலை வெட்டி எடுத்துக் கான்கிரீட் போட்டு ஆற விட வேண்டும். பிறகு எட்டுக் காலிலும் உயரமாக நிற்பது எது என்று பார்த்து, அதைத் தொடாமல் மற்றவற்றை அதற்கு உயர்த்த வேண்டும். ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே காலை ஒரே மூச்சில் தூக்காமல். இடையில் வைப்பது இரும்புத் தகடோ பித்தளைத் தகடோ, காலின் அடிப்பரப்பு முழுவதும் உட்காரும் அளவில் வெட்டியது. ஒவ்வொரு தடவையும் எல்லாக் காலிலும் தாளை விட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தாள் நுழைகிறதோ அங்கே வேலை முடியவில்லை.

அடுத்தது கல். நடுக் கல்லிலிருந்து தொடங்கி இரண்டு முனைக்கும் போவதுதான் முறை. முனையிலிருந்து தொடங்கினால் பிழையைக் கடைசிக் கல்வரை சுமந்துகொண்டு போவோம். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில், திருகு இறங்கும் இடத்தை ஒட்டி ஷிம் எனும் மெல்லிய பித்தளைத் தகடு. திருகை முறுக்கித் தள்ளக் கூடாது. 45 மி.மீ. கல்லை என்ன செய்துவிடும் என்று தோன்றும், ஆனால் அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் இறுக்கினால் கல்லும் வளையும், மீறினால் திருகுத் துளையை ஒட்டி வெடிக்கும். சந்தின் குறுக்கே நேர்ப்பட்டையை வைத்து, பின்னால் டார்ச்சைப் பிடித்தால் வெளிச்சம் கசியும் இடம் தெரியும். அங்கே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ். கடைசியில் விரல் நுனி. கண்ணும் கருவியும் சரி என்ற சந்தில் விரல் தட்டுப்பட்டால் விரலை நம்புங்கள். பிறகு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடி எல்லா அளவையும் எடுக்க வேண்டும். சட்டம் படியும், முந்தின நாள் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.

சந்தை எதால் நிரப்புவது என்பதில் மேசை கட்டும் பிட்டர்களுக்குள் பட்டிமன்றமே நடக்கும். பூல் மேசைக்குத் தேன்மெழுகை உருக்கி ஊற்றிச் சுரண்டிவிடுவார்கள். நல்ல முறை, மறுமுறை கழற்றச் சுலபம். ஆனால் ஸ்னூக்கர் துணிக்கு நாம் இஸ்திரி போடுகிறோம். தேன்மெழுகு 62, 63 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பிக்கும், இஸ்திரிப் பெட்டி அதைவிடச் சூடு. மெழுகு துணியில் ஏறினால் அந்தக் கோட்டில் பந்து தடுக்கும். ஆகவே இந்த மேசைக்குப் பிளாஸ்டர் வகைப் பூச்சு போட்டு உப்புத்தாளால் தேய்ப்பதே சரி. வரும் பிட்டர் மெழுகு என்றால், எதற்கு என்று கேளுங்கள். அதன் பிறகுதான் துணி, அதன் பிறகு குஷன்.

பொதுக்குழுவில் என் கோரிக்கை இது. ஏழாவது பொருளை ஒத்திவைக்க வேண்டும். ஆறாவது பொருளில் "துணி மாற்ற" என்ற இடத்தில் "கல்லை மட்டம் செய்து துணி மாற்ற" என்று திருத்த வேண்டும். ஸ்னூக்கர் மேசை கட்டத் தெரிந்த பிட்டரைத்தான் அழைக்க வேண்டும். நமக்குச் சகாயமாகச் செய்துதருகிறேன் என்று வரும் தச்சரை அல்ல. வேலை முடியும்வரை அறைக்குப் பூட்டு. "ஒரே ஒரு ஃபிரேம்" என்று யார் கேட்டாலும் மார்க்கர் அண்ணன் சாவி தரக் கூடாது, தலைவராக இருந்தாலும் சரி. மில்லில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் பழைய லெவல் இருக்கிறது, இரவல் வாங்கி வருகிறேன். பிட்டர் கல்லில் எழுதும் எண்களை நான் தனியாகச் சரிபார்ப்பேன். அவர் கோபித்துக்கொண்டால் காபி வாங்கித் தருவதும் என் பொறுப்பு. கல் தூக்க ஆள் வேண்டும். சாயங்காலம் வரும் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்தால் போதும், கல்லையும் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆண்டு விழாப் பந்தியை இந்த வருடம் இறகுப்பந்து கூடத்தில் போட்டுக்கொள்ளலாம். அங்கே குழாய் இணைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பில்லியர்ட்ஸ் அறையின் பழைய உறுப்பினன்